அப்பா சாமியை ராவிய நாள்

அப்பாவோடு நான் நாலு மாதம் பேசாமல் இருந்திருக்கிறேன். அப்போது எனக்குப் பத்து வயது. முருகனே வந்து சொல்லியிருந்தாலும் அந்தக் கோபத்தை விட்டிருக்க மாட்டேன்.

ராஜஸ்தான் பாலைவனத்தில் ரோடு போடும் வேலைக்குப் போயிருந்த மாமா, அம்மாவின் தம்பி, லீவில் மும்பை தாராவியில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தபோது ஒரு கல் கொண்டுவந்தார். தேங்காய் அளவுதான், கனமோ அம்மிக்குழவி கனம். கறுப்பு. மேலெல்லாம் கட்டைவிரலால் அமுக்கியது போலக் குழிகள். கண்ணுக்கெட்டிய தூரம் மணல், அதில் இது ஒன்று மட்டும் கிடந்ததாம். இதெல்லாம் வானத்திலிருந்து விழுவது என்று ஒட்டகம் மேய்க்கிறவர்கள் சொன்னார்களாம். அம்மாவுக்கு அது போதும். முருகன் படத்துக்குக் கீழே வைத்து, தினமும் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டி விபூதி பூசினாள்.

பத்து நாளில் அபிஷேகத் தண்ணீர் சிவப்பாக இறங்கியது. சாமி கண் திறந்துவிட்டது என்று சந்து முழுக்கப் பேச்சு. பெண்கள் டம்ளரோடு வந்து நின்றார்கள். குழாயடி வரிசையில் என் குடத்தை முன்னால் விட்டார்கள். சாமி வீட்டுப் பிள்ளையாம். என் நடையே மாறிவிட்டது.

அந்த நேரம் பார்த்து, கைக்குழந்தையான தம்பிக்கு வயிற்றுப்போக்கு. அம்மா சிவப்புத் தீர்த்தத்தையே சங்கில் புகட்டினாள். ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று அப்பா கெஞ்சினார், கத்தினார். சாமி வீட்டிலேயே இருக்கும்போது ஊசி எதற்கு என்றாள். பக்கத்து வீட்டுப் பெண்களும் அவள் பக்கம். மூன்றாம் நாள் தம்பி அழுவதையும் நிறுத்திவிட்டான்.

வடாலாவில் லேத் பட்டறையில் வேலை பார்த்த அப்பா அன்று மத்தியானமே திரும்பி வந்தார். கையில் ஒரு காந்தம், ஓர் அரம். காந்தம் கல்லில் டக்கென்று ஒட்டிக்கொண்டது. பிறகு சாமியை மடியில் கிடத்தி, எல்லோர் முன்னாலும் ஒரு மூலையை ராவினார். கறுப்புத் தோல் போய் வெள்ளி போல மின்னியது.

“இரும்பு. நீ பிள்ளைக்கு ஊத்துனது துருத்தண்ணி, கேட்டியா?”

அம்மா அசரவில்லை. “இரும்புன்னா சாமி இல்லாமப் போயிருமா? திருச்செந்தூர் வேலு என்ன மண்ணுலயா செஞ்சிருக்கு?”

அப்பா அரத்தைக் கீழே போட்டார். “சரி, சாமியாவே இருக்கட்டும். பிள்ளையக் குடு” என்று தம்பியைப் பிடுங்கிக்கொண்டு இறங்கி நடந்தார்.

டம்ளரோடு நின்ற பெண்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நாளைக்கு என் குடம் கடைசிக்குப் போய்விடும். சாமியைப் புண்ணாக்கிய அந்தக் கை அழுகட்டும் என்று முருகனிடமே கேட்டேன். இப்போது எழுதும்போது கன்னத்தில் போட்டுக்கொள்கிறேன்.

தம்பி பிழைத்துக்கொண்டான், அதைச் சொல்லிவிடுகிறேன். ஊசியா முருகனா என்ற சண்டை எங்கள் வீட்டில் கடைசிவரை தீரவில்லை.

ஆனால் அன்று அப்பா பின்னால் அம்மா ஓடினாள். கல்லைத் துணிப்பையில் போட்டுக்கொண்டுதான் ஓடினாள். நானும் ஓடினேன். பையின் கனத்தில் அவள் தோள் ஒரு பக்கமாக இழுத்தது. இரண்டு தரம் நின்று மூச்சு வாங்கினாள். அப்பா திரும்பிப் பார்த்தார். பையில் என்ன என்று கேட்கவில்லை. தம்பியை ஒரு தோளில் சாய்த்துக்கொண்டு, மறு கையால் பையை வாங்கி, ஆஸ்பத்திரி வரைக்கும் சுமந்து நடந்தார்.

கடைசியில் சாமியையும் அம்மா கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாரே என்று வழி முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன் நான்.