பொதுப்பகுதியைக் காலி செய்த நாள்

எண்பதுகளின் பிற்பகுதியில் விழுப்புரத்துக்கு அருகே ஒரு சர்க்கரை ஆலையின் கம்ப்யூட்டர் அறையில் ஆபரேட்டராக இருந்தேன். அங்கிருந்த பெரிய மெஷினுக்குப் பொறுப்பு, திண்டிவனத்திலிருந்து ரயிலில் வந்துபோன ஒரு பெண். என் வயதுதான். ஆனாலும் எல்லோருக்கும் அவர் மேடம்.

ஒரு அரவைப் பருவத்தில் கண்டாச்சிபுரம், அனந்தபுரம் பக்கத்து ஊர்களும் எங்கள் ஆலையோடு சேர்ந்துகொண்டன. விவசாயிகளுக்குக் கரும்பு வெட்டும் உத்தரவை அச்சடிக்கும் ப்ரோக்ராம், இடம் போதவில்லை என்று பாதியில் நின்றது. மறுபடி ஓட்டினேன், மறுபடி நின்றது.

“மெமரி வாங்கிப் போட்டா சரியாப் பூடும்,” என்றார் மேனேஜர்.

“மெமரி இருக்குது சார். அட்ரஸ்தான் பத்தல,” என்றார் மேடம்.

மெஷின் ஒவ்வொரு ப்ரோக்ராமுக்கும், அட்ரஸ் எனப்படும் மெமரி முகவரிகளை ஒரே அளவுதான் தரும்; எவ்வளவு மெமரி வாங்கிப் போட்டாலும் அது கூடாது. அதில் ஒரு பங்கு எல்லா ப்ரோக்ராமுக்கும் பொது. வேகமாக ஓடட்டும் என்று கண்டதையும் அந்தப் பொதுப்பகுதியில் போட்டு வைத்திருந்தோம். அது பெருகப் பெருக, ஒவ்வொன்றின் சொந்த இடமும் சுருங்கிப்போனது. இதை மேடம் சொன்ன பிறகுதான் எங்களுக்கு விளங்கியது.

மறுநாள் காலை ரயிலில், மெமரியில் இருப்பதையெல்லாம் எடுத்த பிரிண்ட்டை மடியில் விரித்து, வேண்டாததைப் பென்சிலால் அடித்துக்கொண்டே வந்தாராம் மேடம். மல்லாட்டை என்று எங்கள் பக்கம் சொல்லும் வேர்க்கடலையை விற்றவர், “இன்னாம்மா, பரீட்சையா?” என்று கேட்டாராம்.

“ஆமாங்க, பாஸாவணும்.”

மெஷினை நிறுத்தித்தான் மாற்ற முடியும் என்றதும் மேனேஜர் பதறினார். “கேட்டாண்ட ஜனங்க பேஜாரு பண்ணிக்கினு இருக்காங்கம்மா!”

“நான் பேசறேன் சார்.”

நானும் கூடப் போனேன். ஒரு பெரியவர் கோபமாக முன்னால் வந்தார். “வெட்டற ஆளுங்க வந்து குந்திக்கினு இருக்காங்கம்மா. இன்னிக்கி ஆர்டர் வருமா, வராதா?”

“சாயந்தரம் வரும்னு நெனக்கிறேங்க. வரலன்னா நானே வந்து சொல்றேன்.”

சொன்னதோடு நிற்கவில்லை. வெட்டுக்கு ஆள் வந்துவிட்டவர்களுக்கு மட்டும் உடனே கையால் உத்தரவு எழுதித் தரும்படி கரும்பு அதிகாரியைக் கேட்டு வாங்கினார். அந்த நேரத்தில் எனக்கு அது தோன்றியிருக்காது.

பிறகு மெஷினை நிறுத்தினோம். எப்போதாவது தேவைப்படுகிறவற்றைப் பொதுப்பகுதியிலிருந்து எடுத்து, கேட்கிற ப்ரோக்ராம் மட்டும் ஏற்றிக்கொள்ளும்படி மாற்றினார். திரும்பக் கிளப்பியதும், கரும்பு வண்டிகளை நிறுக்கும் எடைமேடையின் ப்ரோக்ராம் எழுந்திருக்கவில்லை. அவர் பிரிண்ட்டைப் புரட்டி, “இது ஒண்ணு உள்ளயே இருக்கணும்,” என்று, எடுத்தவற்றில் ஒன்றைப் பொதுப்பகுதியில் திரும்ப வைத்தார். அதுவும் எழுந்தது.

பொழுது சாயும்முன் பிரிண்டர் கடைசி ஊர்வரை நிற்காமல் அடித்தது. அச்சான முதல் உத்தரவுகளை அவரே கேட்டுக்கு எடுத்துப் போனார்.

அடுத்த பருவத்தில் இன்னும் சில ஊர்கள் சேர இருந்தபோது, மேனேஜர் எங்கள் அறைக்கே வந்து கேட்டார்: “எடம் இருக்குமாம்மா?”

“பாத்துட்டேன் சார். தாராளமா சேத்துக்கங்க.”