கூரையைப் பார்த்துப் பேசியவர்

அன்று எங்கள் வாசலில் நின்றது நான், மனைவி, பக்கத்து வீட்டு மச்சான், மின்சாரக் கந்தோரிலிருந்து வந்த அதிகாரி, இவ்வளவு பேர்தான். வெயில் ஏறினால் எங்கள் கூரைச் சோலாரின் கரண்டை லைனுக்கு அனுப்பும் பெட்டி தானாக நின்றுவிடுகிறது என்று முறையிட்டிருந்தேன். அதிகாரி மெலிந்த மனிதர். முகத்தைப் பாராமல் கூரைகளைப் பார்த்தே பேசினார்.

“கட்டார்ல வேல செஞ்சிட்டு இந்த ஒழுங்கை வீடுகளுக்கு ஆரெல்லாம் வாறாங்க?”

“அதென்னத்துக்கு சேர்?” என்றேன்.

“வாற ஆக்கள் முதல்ல சோலார்தான் போடுறாங்க. எல்லாரும் ஒரே நேரம் கரண்ட் தள்ளினா லைன் தாங்காது, பெட்டி தானா நிக்கும். இன்னும் ஒரு வீடு போட்டா உங்கட பெட்டி மத்தியானம் முழுக்க நிக்கும்.”

“அப்ப வாற மாசம் வாற என்ட மகன அங்கயே நிக்கச் சொல்லட்டா?” என்று மச்சான் சிரித்தார்.

அதிகாரி சிரிக்கவில்லை. மச்சானின் சோலார் இல்லாத வெறுங்கூரையையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பார்வை என்னைத் தூங்கவிடுவதில்லை. கரண்ட் விற்ற காசில்தான் வங்கிக் கடனைக் கட்டுகிறேன். இன்னும் ஆறு இலட்சத்து நாற்பதாயிரம் ரூபாய் இருக்கிறது.