ஒற்றைக் கோடு தேடி விருத்தாசலத்துக்கு

2008, ஜனவரி. ஞாயிறு காலை ஆறேகாலுக்குக் கடலூரில் பஸ் ஏறினேன். விருத்தாசலம் சுமார் அறுபது கிலோமீட்டர். மடியில் குளிர்பெட்டி. கண்டக்டர் அதைப் பார்த்ததும் நெற்றியைச் சுருக்கினார்.

"பெட்டில மீனா மேடம்? வாட வரும். பின்னாடி போட்டுடுங்க."

"மீன் இல்லீங்க. ரத்தம் பாக்குற அட்டை."

அதன் பிறகு அவர் என் பக்கமே வரவில்லை.

பதினைந்து வருடமாக நான் யானைக்கால் புழுவோடு குடும்பம் நடத்துகிறேன். பணக்காரர்களுக்கு வரும் வியாதி என்றால் ஆராய்ச்சிக்குக் காசு கொட்டும். ஏழைகளின் காலைப் பிடிக்கும் இந்தப் புழுவை யாரும் சீந்துவதில்லை. அந்தக் கோபம்தான் என்னை இன்னும் ஊர் ஊராக விரட்டுகிறது. மந்தாரக்குப்பம் தாண்டியதும் குளிர்பெட்டியின் மூடியை மறுபடி அழுத்திப் பார்த்தேன். நான் செய்தது பலித்ததா, வீணா என்பது இன்று மதியத்துக்குள் தெரிந்துவிடும்.

எட்டரைக்கு இறங்கி, இருபது ரூபாய்க்கு ஆட்டோ பிடித்துப் பீங்கான் பட்டறைகள் இருக்கும் பக்கம் போனேன். சாக்கடை ஓரமெல்லாம் உடைந்த கோப்பைகள் வெள்ளையாகக் கிடந்தன. மாதா கோயில் வாசலில் ஆரோக்கியமேரி காத்திருந்தாள். பட்டறையில் பொம்மைக்கு வண்ணம் பூசுகிறவள். அவளுடைய இடது கால் வீங்கியது வீங்கியதுதான், இனி முழுதாக வற்றாது. மகள் ஜெனிட்டாவுக்கு ஆறு வயது.

"எங்காலு போனா போவுது மேடம். புள்ளைக்கு வராம இருந்தா போதும்" என்றாள்.

சில வருடங்களுக்கு முன் இதே தெருவில்தான் எனக்குத் தலை சுற்றியது. வருடா வருடம் வீடு வீடாகப் புழு மாத்திரை கொடுத்தும் நோய் குறையவில்லை. மருந்துக்கே வீரியம் இல்லை என்றார்கள் சக ஆய்வாளர்கள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. மேரியிடமே கேட்டேன்.

"மாத்திரை போட்டீங்களா?"

"போட்டுட்டோம் மேடம்."

தெரு முழுக்க இதே பதில். என்னவோ உறுத்த, "எங்க போட்டீங்க?" என்றேன்.

"மாதா படத்துக்குப் பின்னாடி. வெறும் வயித்துல தின்னா மயக்கமா வருதுல்ல?"

எங்கள் கணக்கில் அது வயிற்றுக்குள் போட்டது! அன்றைக்கே கேள்வியை மாற்றினேன்: "முழுங்கினீங்களா?" பட்டறை முதலாளிகளிடம் சண்டை போட்டு, மதியச் சாப்பாடு முடிந்த கையோடு எங்கள் கண்ணெதிரே விழுங்க வைத்தேன். தண்ணீர் குடிக்க, விலை போகாத கோணல் கோப்பைகள்.

அதற்குப் பிறகு வளர்ந்த பிள்ளைகளுக்குத்தான் இன்று சோதனை. பூசை முடிந்து பெற்றோர்கள் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினார்கள். விரலில் ஒரு குத்து, அட்டையில் ஒரு சொட்டு, பத்து நிமிடம். ஒரு கோடு என்றால் நல்லது. இரண்டாவது கோடு விழுந்தால் உடம்பில் புழு இருக்கிறது.

ஒரு கோடு. அடுத்ததும் ஒரு கோடு. கடைசி அட்டை ஜெனிட்டாவுடையது. மேரி சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு நின்றாள். பத்து நிமிடம் ஆனதும் அட்டையை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"ஒத்தக் கோடு மேரி! தெருவுக்கே ஒத்தக் கோடுதான்!"

அவள் மகளைத் தூக்கிக்கொண்டு அந்தக் காலோடு ஒரு சுற்று சுற்றினாள். நான் வெட்கமில்லாமல் அழுதேன். இன்னும் சில வருடம் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும், தெரியும். ஆனாலும் ஜெயித்தது ஜெயித்ததுதான்.

பஸ் ஸ்டாண்டு வரை வந்தவள், ஜன்னல் வழியே ஒரு பீங்கான் யானையை நீட்டினாள். அவளே வண்ணம் பூசியது.

"இனிமே எங்க தெருவுல புதுசா யானைக்கால் பாக்கணும்னா இதுலதான் பாக்கணும் மேடம்."

புதுச்சேரியில் என் மேஜைமேல் எத்தனையோ பாராட்டுக் கேடயங்கள் தூசி படிந்து நிற்கின்றன. எல்லாவற்றையும் ஒதுக்கி இதற்கு இடம் பண்ண வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். பஸ் நகர்ந்தது. மேரி கூடவே நொண்டி நடந்தாள்.

"மேடம், பாத்து! போட்டுடாதீங்க!"

"பின்ன, முழுங்கிடவா?" என்று ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்தினேன்.