மேசையைத் தட்டின ஒனெய்தா டீச்சர்

நான் சொல்லப்போறது அத்தனையும் சத்தியமா நடந்தது. சரி, அத்தனையும்னா முக்காவாசி. மிச்சத்தை நான்தான் எண்ணெயில போட்டு உப்ப வச்சிருக்கேன். நான் யானிகேக்கே ரொட்டி சுடுறவன், மாவைத் தட்டிப் போட்டா உப்பத்தானே செய்யும்.

நம்ம அசுவா ஊர்ப் பள்ளிக்கூட வாசல்ல சட்டி வச்ச நாள்லேருந்து ஒனெய்தா டீச்சரை எனக்குத் தெரியும். ஆட்டுக்காரர் பொண்ணு. அந்தம்மா ஒரு குரல் குடுத்தா, மலையில மேயுற ஆடு "வந்தேன் டீச்சர்"னு இறங்கி வரும். ஏழாம் வகுப்பு அவங்க கையில. மீசை எட்டிப் பாக்குற பசங்க, கண்ணாடியை விட்டு நகராத பொண்ணுங்க. வாசின்னு சொன்னா ஒருத்தனுக்கு வயித்து வலி, இன்னொருத்தனுக்கு பாத்ரூம். எழுத்தெல்லாம் தெரியும். படிச்சதுல என்ன இருந்துச்சுன்னு கேட்டா முழிப்பானுங்க. புரியலைன்னு சொல்ல மட்டும் மானம் இடம் குடுக்காது.

டீச்சர் என்ன பண்ணாங்க, அவனுங்களை டாமினோ ஆடுற மாதிரி மேசைக்கு நாலு பேரா உக்கார வச்சாங்க. இப்ப நாம தெருவுல ஆடிட்டிருக்கோமே, இந்த ஆட்டத்துல போடக் காய் இல்லைன்னா மேசையைத் தட்டிட்டு நம்ம முறையை விட்டுடுறோம்ல, அதுக்கு எவனாவது வெக்கப்படுறானா? அதே கணக்குதான். புரியாத வரி வந்தா தட்டு. தட்டினா மத்த மூணு பேரும் சேந்து அந்த வரியைப் பிரிச்சு மேயணும், அப்புறம்தான் அடுத்த வரி. அந்தச் சத்தத்துல என் சட்டியில எண்ணெய் அலையடிக்கும். ஆனா பசங்க வாசிச்சானுங்க. அடிச்சுக்கிட்டு வாசிச்சானுங்க.

அப்பதான் தலைநகர்லேருந்து ராதாமெஸ்னு ஒருத்தர் வந்தார். பெரிய புள்ளைங்களுக்கு வாசிக்கச் சொல்லிக்குடுக்குறது எப்படின்னு வாத்தியாருங்களுக்குப் பயிற்சி. நம்ம வெயில்ல கோட்டு போட்டிருந்தார், பாவம், பாதி வெந்துட்டார். கையில ஒரு ஸ்டாப்வாட்ச். ஒவ்வொருத்தனா எந்திரிச்சு சத்தமா வாசிக்கணுமாம், நேரம் பாத்து மார்க் போடணுமாம்.

"அந்தக் கடிகாரம் என் வகுப்புக்கு வராதுங்க" அப்படின்னாங்க ஒனெய்தா.

"அப்ப ஏழாம் வகுப்பு வேற ஆளுக்குப் போயிடும்மா. நீங்க சாமான் ரூம்ல மேப் அடுக்கலாம்."

"அடுக்குறேன். உங்களையும் சுருட்டி அதுலயே அடுக்குறேன்."

நான் யானிகேக்கே குடுக்கப் போனவன் அப்படியே நின்னுட்டேன். ராதாமெஸ் கோவத்தைக் காட்டாம வழிகாட்டிப் புத்தகத்தைப் பிரிச்சு வாசிக்க ஆரம்பிச்சார். "வளரிளம் வாசகரின் பொருள்கொள்ளல்சார் இடர்ப்பாடுகளைத் தன்வெளிப்பாட்டு நெறியின்வழி..." அந்த வரி அசுவாவுல கிளம்பி பரஹோனா வரைக்கும் போச்சு. எல்லா வாத்தியாரும் தலையாட்டினாங்க. ஆட்டின ஆட்டுல கரண்ட் இல்லாமலே காத்து வந்துச்சு.

டொக்.

"என்னம்மா?"ன்னு ஒனெய்தாவைப் பாத்தார்.

"புரியல. நிறுத்துங்க."

"மத்தவங்களுக்கெல்லாம் புரியுதே."

டொக். இந்தா இப்ப என் பக்கத்துல காயோட உக்காந்திருக்காரே கணக்கு வாத்தியார் சிப்ரியான், இவர்தான். அப்புறம் பின்னாடி ஒண்ணு, ஜன்னலோரம் ரெண்டு, கடைசியில தகரக் கூரையில ஆலங்கட்டி விழுந்த மாதிரி ஆயிடுச்சு. ராதாமெஸ் "அதாவது..."ன்னார். திரும்ப வாசிச்சார். "அதாவது..."

"சும்மா தட்டுங்க சார்" அப்படின்னாங்க ஒனெய்தா. "எல்லார் முன்னாடியும் எந்திரிச்சு நிக்கிற புள்ளைக்கும் இப்படித்தான் 'அதாவது'லயே வண்டி நின்னுடும். நாங்களாவது கையில கடிகாரம் வச்சுக்கலை."

அவர் கடிகாரத்தைக் கீழ வச்சார். ஒத்தை விரலால, கொசு உக்கார்ற மாதிரி, தட்டினார்.

அப்புறம் நாலு நாலு பேரா உக்காந்து அந்த வரியைப் பிரிச்சாங்க. உள்ள இருந்தது என்ன தெரியுமா? புரியலைன்னா வாய்விட்டுச் சொல்லப் புள்ளைங்களைப் பழக்குங்க. அவ்வளவுதான். கிளம்பறப்ப, "ஏழாம் வகுப்பு உங்ககிட்டயே இருக்கட்டும்"னு சொல்லிட்டுக் கோட்டைக் கழட்டித் தோள்ல போட்டுக்கிட்டுப் போனார்.

"அந்தக் கடைசி வரி நீ சட்டியில சுட்டது" அப்படின்னார் சிப்ரியான். "அது போகட்டும். ஒனெய்தா டீச்சருக்கு முன்னாடியே நான் தட்டினேன்யா, அதை ஏன் விட்ட?"

"நீங்களா?" எதிர்ல ஆடிட்டிருந்த, வரலாறு எடுக்குற சோய்லா டீச்சர் கையிலிருந்த காயைக் கீழ போட்டாங்க. "நீங்க தட்டவே இல்ல சார். தெரியாம எடுத்த ரெண்டாவது யானிகேக்கேவை மறைக்க மேசையில கைய வச்சீங்க. ரெண்டாவதா தட்டினது நான்."

"நீ தலையாட்டிட்டு இருந்தம்மா. நான் பாத்தேன்" அப்படின்னார் சிப்ரியான்.

"யாரு, நானா தலையாட்டினேன்?"

சிப்ரியான் மேசையில ஓங்கி ஒரு தட்டு. சோய்லா ரெண்டு தட்டு. ஆட்டம் கலைஞ்சு காயெல்லாம் தெருவுல.