உப்புக்கு நடந்த அடக்கம்

எனக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். புன்னக்காயலில் மீன்கூடை சுமந்தேன், கங்கைகொண்டானில் பருத்திப் பொதி ஏற்றினேன். இரண்டு இடத்திலும் அரைவயிறுதான். பிறகு அண்ணாச்சி ஒருவரிடம் மாட்டுவண்டி ஓட்டப் போனேன்.

அவர் ஒரே ஆள்தான், இரண்டு ஆளாக வாழ்ந்தார். ஆழ்வார்திருநகரியில் நெற்றி நிறையத் திருநீறு பூசிய புளி வியாபாரி. வீடும் மனைவியும் அங்கே. பாளையங்கோட்டையில் வெள்ளைக் கோட்டுப் போட்ட கிறிஸ்தவர். ஞாயிறு தவறாமல் ஜெபத்துக்குப் போவார். நடுவழியில் ஆற்றில் இறங்கி நெற்றியைக் கழுவிக் கோட்டை மாட்டிக்கொள்வார். ஆழ்வார்திருநகரியில் உம்மைப் போலவே ஒருவரைப் பார்த்தேன் என்று அங்கே யாராவது சொன்னால், "அவன் எங்க பெரியப்பா மவன். இன்னும் கிறிஸ்து வேதத்துக்கு வரல" என்பார்.

எல்லாம் கள்ள உப்புக்காக. வரி கட்டாத உப்பைக் கடற்கரையிலிருந்து சவப்பெட்டியில் ஏற்றி வருவோம். பெட்டிக்குப் பின்னால் ஒரு கிறிஸ்தவர் தலைகுனிந்து நடந்தால் எந்தச் சேவகனும் மூடியைத் திறக்கமாட்டான்.

அன்றைக்கு வண்டியிலேயே தூங்கிவிட்டார். விழித்ததும் அவசரமாகக் கோட்டை மாட்டினார். நெற்றியைக் கழுவ மறந்தார். பாளையங்கோட்டை எல்லையில் உப்பு இலாகாவின் புதுச் சேவகன் மறித்தான். அவனும் கிறிஸ்தவன்.

"ஏலே, வண்டிய நிறுத்து. நெத்தியில என்ன வே இது? துன்னூறு பூசுதவனுக்குப் பெட்டி எதுக்கு? எரிக்கத்தான செய்வீங்க?"

எனக்கு ஓடிவிடலாம் போலிருந்தது. அண்ணாச்சி ஓவென்று அழுதார்.

"செத்தது எங்க பெரியப்பா மவன் அய்யா. புளி யாவாரி. சாவப்போற நேரத்துல வேதத்துக்கு வந்துட்டான். அவன் வீட்டுக்காரங்கதான் எனக்கு இதப் பூசி வுட்டுட்டாங்க."

சேவகன் தலைப்பாகையைக் கழற்றினான். "கடைசியிலயாவது வந்தாரே! இப்படித் தனியா கொண்டு போகக் கூடாது அண்ணாச்சி. நானும் வாரேன்."

வந்ததோடு நிற்கவில்லை, தெருத்தெருவாக ஆள் சேர்த்தான். பாதிரியார் வந்தார், பாட்டுப் பாடினார்கள், குழி வெட்டினார்கள். பெட்டியைத் தூக்கிய ஒருவன், "நல்லாச் சாப்பிட்ட ஒடம்பு வே" என்று முனகினான். மண் விழுந்தபோது அண்ணாச்சி நிஜமாகவே அழுதார்.

எங்கள் வண்டி கல்லறையிலிருந்து கிளம்புவதற்குள் புளி வியாபாரி செத்த செய்தியோடு ஓர் ஆள் ஆழ்வார்திருநகரிக்குப் போய்விட்டான். இனி அவர் எப்படி வீட்டுக்குள் நுழைவது? மனைவியிடம் உண்மையைச் சொல்லிவரச் சொல்லி என்னை அனுப்பினார்.

வாசலில் ஒப்பாரி. பின்கட்டுக்குப் போய் நடந்ததெல்லாம் சொன்னேன். அந்த அம்மாள் கழுத்தில் தாலி இருந்தது. அதைக் கழற்றச் சொல்லி வந்த பெண்களை நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பியிருந்தாள். அழவில்லை.

"செத்ததுகூடப் பரவாயில்ல, வேதத்துக்குப் போயிச் செத்தாருன்னுல்லா எங்க அண்ணன்மாரு குதிக்காங்க. ஏலே, போயிச் சொல்லு. செத்தது அந்தக் கோட்டுக்காரன்தான், ஆள் மாத்திச் சொல்லிட்டாங்கன்னு ஊரு வாய நான் அடைக்கேன். ஆனா இங்கன வரணும்னா, அங்கன அந்தக் கோட்டு இனி நடமாடப்படாது."

"அங்கன அவரைத்தான் எல்லாரும் உசுரோட பாத்தாங்களே, அம்மா."

"அது அவரு பாடு. நாளைக்குள்ள வரலைன்னா தாலியக் கழட்டிருவேன்."

திரும்பி வந்து சொன்னேன். அண்ணாச்சி கல்லறைச் சுவரில் உட்கார்ந்து புது மண்மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கோட்டைக் கழற்றி மடித்து மடியில் வைத்தார். அதைத் தட்டிக்கொண்டே கேட்டார்.

"இவனுக்கும் இன்னொரு பெட்டி பைய ஏற்பாடு பண்ண முடியுமாலே?"

மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டினேன். பிறகு வடக்கே பார்த்து நடந்துவிட்டேன்.