ஏழு பேருக்கு அனுப்பிய குரல்பதிவு

மலேசியாவின் பாசிர் கூடாங் துறைமுகத்தில், நங்கூரமிட்ட கப்பல்களின் அடியில் ஒட்டியிருக்கும் சிப்பிகளைச் சுரண்டுவது சுகுமாறனின் வேலை. அதுபோக, சம்பளமில்லாத வேலை ஒன்றும் அவருக்கு உண்டு. நீர் நிறைந்த குகைக்குள் முக்குளிக்கப் போய் யாராவது மாண்டுவிட்டால், உடலை எடுத்துவர அவரையும் கூட்டாளி இர்ஃபானையும் கூப்பிடுவார்கள். ஆற்றில், குட்டையில் என்றால் தீயணைப்புப் படையின் போம்பாக்காரர்களே இறங்கிவிடுவார்கள். தலைக்கு மேல் பாறை மூடிய நீருக்குள் போவது வேறு பயிற்சி. அதைக் கற்றவர்கள் அந்த வட்டாரத்தில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்.

அந்த முறை இறந்தவன் ஸ்கூடாயைச் சேர்ந்த ரூபேந்திரன். வயது இருபத்தொன்பது. தாய்லாந்துப் பக்கம் ஒரு குகையில், வழிகாட்டிக் கயிற்றை விட்டு விலகிக் கிடந்தான். தேடலின் இரண்டாம் நாள் சுகுமாறன்தான் அவனைக் கண்டுபிடித்தார். காற்றுமானியைப் படமெடுத்து, உடலைப் பையிலிட்டு, இர்ஃபானோடு சேர்ந்து இழுத்து வந்தார்.

அன்று மாலை சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து, இர்ஃபான் உட்பட முக்குளிக்கும் நண்பர்கள் ஏழு பேருக்குக் குரல்பதிவு ஒன்றை அனுப்பினார். “டேங்குல காத்து இருந்துச்சு லா. பதறிட்டான். பழகாத ஆளு, ஹீரோ வேல காட்டப் போய் செத்துட்டான்.” கடைசியில் ஒரு சிரிப்பு.

அந்த ஏழு பேரில் யாரோ ஒருவர் அதை வேறு யாருக்கோ தள்ளிவிட்டார். ரூபேந்திரனின் பதினாறாம் நாள் காரியத்தன்று அது அவன் தங்கை லோஷினியின் கைபேசிக்கே வந்து சேர்ந்தது. அவள் சுகுமாறனின் எண்ணைத் தேடிப் பிடித்து, பதிவோடு ஒரே ஒரு வரியை அனுப்பினாள்: “இது நீங்களா அண்ணே?”

இரண்டு நாள் பதில் எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தார். மூன்றாம் நாள் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு ஸ்கூடாய்க்குப் போனார்.

கதவைத் திறந்தவர் ரூபேந்திரனின் அப்பா சதாசிவம். வந்தவர் யாரென்று தெரிந்ததும் இரு கைகளையும் பற்றிக்கொண்டார். “எம் பையன் மொகத்த கடைசியா பார்க்க வெச்சது நீங்கதான். சாமி மாதிரி வந்தீங்க.” பற்றிய கைகளுக்குள் சுகுமாறனின் கைகள் கூசின. சொல்லிவிட வாயெடுத்தார். பின்னால் நின்ற லோஷினி வேண்டாமென்று தலையசைத்தாள்.

கார் நிறுத்தும் இடத்துக்கு அவரைக் கூட்டி வந்தாள். “அப்பா இத கேக்கல. கேக்கவும் கூடாது.” பிறகு, “காத்து இருந்துச்சுன்னு சொன்னீங்களே, நிஜமா?” என்றாள்.

“நிஜம்தாம்மா.”

“சரி. அப்ப எதுக்குச் சிரிச்சீங்க?”

சுகுமாறன் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். “அவர தேடிப் போறப்ப சேறு கெளம்பிருச்சு. கயிறு என் கையையும் விட்டுப் போச்சு. ஒரு நிமிஷம் இருக்கும். நானும் பதறிட்டேன். இர்ஃபான்கிட்டகூட சொல்லல. வெளிய வந்ததும்... நான் வேற, அவர் வேறன்னு காட்டிக்கணும் போல இருந்துச்சு.”

அவள் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. “இத நீங்க அனுப்புன எல்லாருக்கும் சொல்லுங்க. இப்பவே. நான் கேக்கணும்.”

அவள் முன்னாலேயே கைபேசியை எடுத்துப் பேசினார். கயிறு நழுவியதை, தன் பயத்தை, இறந்தவனைக் கேலி செய்த தன் ஈனத்தனத்தை எல்லாம் சொன்னார். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. அழித்துவிட்டு மறுபடி பதியவில்லை. அப்படியே அனுப்பினார்.

புறப்படும்போது சதாசிவம் வாசலுக்கு ஓடி வந்து, வீட்டு மரத்து ரம்புத்தான் ஒரு பை நிறையத் திணித்தார். “பிள்ளைங்களுக்குக் குடுங்க.” மறுக்க வழியில்லை. வாங்கிக்கொண்டார்.

முதல் பதிவு போன தூரத்துக்கு இரண்டாவது போகவில்லை. அதை யாரும் யாருக்கும் அனுப்பவில்லை. இர்ஃபான் மட்டும் கூப்பிட்டான். “கேட்டேன். அடுத்த தடவ கயிறு போச்சுன்னா வெளிய வந்ததும் எங்கிட்ட சொல்லு.”

இன்னும் யாராவது கூப்பிட்டால் சுகுமாறன் போகிறார். உடலைக் கரையில் ஒப்படைத்ததும், யார் என்ன கேட்டாலும், “போலீஸ்கிட்ட எழுதிக் குடுத்துட்டேன்” என்பதோடு சரி. சிலர் அதைத் தன்னடக்கம் என்று புகழ்கிறார்கள். அப்போதெல்லாம் அவருக்கு முகம் சுண்டிப்போகிறது.