அத்மானைத் தாண்டிப் போக

கழுதை வந்து முகத்தருகே மூச்சுவிட்டால்தான் அத்மான் காலை மடக்குவார். மனிதர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. கென்யாவின் லாமுத் தீவில் எங்கள் சந்து மூன்று முழ அகலம். வாசலோரக் கல்மேடையில் உட்கார்ந்து இவர் காலை நீட்டினால் சந்து அடைபட்டுப்போகும்.

"எங்க கிளம்பிட்ட?" என்று வழியில் வருகிறவனை மறிப்பார்.

"பல்லு வலி, மாமா."

"எந்தப் பல்லு?"

வாயைத் திறந்து காட்டினால்தான் வழி. என் மனைவி இவருடைய தங்கை. அந்தப் பாவத்துக்கு, எதிர்மேடையில் உட்கார்ந்து முப்பது வருஷமாக இந்தக் கூத்தைப் பார்க்கிறேன். இவருக்கு இரண்டு தென்னந்தோப்பு சோறு போடுகிறது. மனுஷனுக்கு வேறு வேலை கிடையாது.

இவர் மகள் ருகியாவுக்கு மொம்பாசாவில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்தது. "என் காலைத் தாண்டிப் போகட்டும், பாக்கலாம்" என்று சந்துக்கே கேட்கும்படி சொன்னார். அவள் கிளம்ப வேண்டிய செவ்வாய்க்கிழமை, விடிந்ததிலிருந்து மேடையை விட்டு நகரவில்லை. தொழுகைக்குக்கூடப் பள்ளிவாசல் போகாமல் வாசல்நடையிலேயே தொழுதார்.

இவர் தலைக்கு மேலே, இவர் மாடியிலிருந்து என் வீட்டு மாடிக்கு ஒரு மூடிய பாலம் போகிறது. பெண்கள் தெருவில் இறங்காமல் போய்வர இவருடைய தாத்தா கட்டியது. "எங்க வீட்டுப் பொம்பளைங்க நிழலக்கூட இந்தச் சந்து பாத்ததில்ல, மச்சான்" என்று பீற்றிக்கொள்வார். சந்து பார்க்காததைச் சந்தில் உட்கார்ந்திருக்கும் இவர் எப்படிப் பார்ப்பார்? என் வீட்டுப் பின்வாசல் கடற்கரைச் சந்தில் திறக்கும் என்பதும் இவருக்குத் தெரியும். தெரிந்து என்ன பயன், யோசிக்க வேண்டுமே.

பிற்பகலில் மேலே பாலத்தில் இரண்டு பேர் என் வீட்டுப் பக்கம் நடக்கும் சத்தம் கேட்டது. சற்று நேரத்தில் ஒருவர் மட்டும் திரும்பினார். அத்மான் காப்பியை ஊதிக்கொண்டிருந்தார். நானும் ஊதினேன்.

மீன்கார ஃபமாவு கூடையோடு வந்தான்.

"எங்கேருந்து வர்ற?"

"படகுத்துறையிலேருந்து, மாமா. ருகியா பெட்டியோட படகுல உக்காந்திருக்கு. நல்லா படிம்மான்னு சொல்லிட்டு வர்றேன். நீங்க வழியனுப்ப வரலையா?"

படகுத்துறை ஐந்து நிமிட நடை. படகும் இன்னும் கிளம்பவில்லை. அத்மான் எழுந்து ஒரு செருப்பை மாட்டினார். பிறகு சந்தைப் பார்த்தார். வளைவு வரைக்கும் ஏழு மேடைகள், ஒன்றுகூடக் காலியில்லை. ஏழிலும் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு இவரையே பார்த்தார்கள். ஒவ்வொருவருக்கும் நின்று பதில் சொல்லித்தான் கடல் சேர வேண்டும். எனக்குத் துளி இரக்கம் வரவில்லை.

அத்மான் உட்கார்ந்தார். மாட்டிய செருப்பை, யாரும் கவனிக்காதது போல, மெல்லக் கழற்றினார்.